எல்லைக்கல்லில் தேகப்பயிற்சி

1933 ஜனவரி 9, திங்கள். உப்பளம்.

வண்டியில் ஏற்றி வைத்த என் கர்லாக்கட்டையை அல்போன்ஸ் தூக்கிக் கீழே போட்டுவிட்டான். என் வீட்டு வாசலில், என் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"இது சர்க்கார் சர்வே வண்டி மாப்ள. சங்கிலி போவும், கூடாரம் போவும், கல்லு போவும். உன் கட்டைக்கு எடம் கெடையாது."

அவனுடைய சாய்வு நாற்காலிக்கு இடம் இருக்கிறது. ஊறுகாய் ஜாடி இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஞானமேரி எனக்காகப் பேசுவாளா? எப்படிப் பேசுவாள், கூடப் பிறந்த அண்ணன். நானும் நேரில் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன். இந்த நோட்டில் அவன் வெறும் அவன்தான்.

ஜனவரி 11, புதன். பாகூர் ஏரிக்கரை.

முகாம் போட்டாயிற்று. ஒரே கூடாரம். ஒரு பக்கம் அவன் கட்டில், மறு பக்கம் என் பாய். நடுவில் தகரப்பெட்டிகள். இந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் அவன் குறட்டை நேராக என் காதுக்குள் வரும்.

பின்னால் யாராவது மாற்றிப் பேசினால் என்னிடமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன். நவம்பர் மழையில் எனக்கு மார்ச்சளி கண்டு பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வேலைக்குத் திரும்பிய நாலாம் நாள், வாய்க்காலைத் தாண்டும்போது அளவைக் கருவிப் பெட்டி என் தோளிலிருந்து தண்ணீரில் விழுந்தது. கண்ணாடி ஒன்று உடைந்தது. கரை வழுக்கல். முகாமுக்குத் தலைவன் என்ற முறையில் அல்போன்ஸ் ஆபீசுக்கு என்ன எழுதினான்? 'சங்கிலிக்காரன் பிரான்சுவா மயங்கி விழுந்தான். மார் பலவீனம். வெளிவேலைக்கு லாயக்கில்லை.' பதினாலு வருஷம் வெயிலில் சங்கிலி இழுத்தவனுக்கு மூன்று வரி!

ஆபீசின் பிரெஞ்சுத் துரை உத்தரவு போட்டுவிட்டார். மார்ச் 27-ந் தேதி நான் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆபீசிலிருந்து கடற்கரைப் பாலம் வரை போய், ஓரிடத்திலும் கீழே வைக்காமல் திரும்பி வர வேண்டும். இருபத்தெட்டு கிலோ. வந்துவிட்டால் வேலை இருக்கிறது. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

எழுபத்தைந்து நாள் இருக்கிறது. வருவேன்.

ஜனவரி 14, சனி.

ஆறு மணிக்குச் சங்கிலி விரிக்க வேண்டும். அதற்கு முன்னால் அவன் பல் விளக்கி, முகம் மழித்து, முழங்காலில் நின்று ஜெபம் முடிக்கிற நேரம்தான் எனக்குக் கிடைப்பது. கால் மணி. கட்டை இல்லாவிட்டால் என்ன, முகாமில் இருக்கிற சாமான் போதும்.

காலைத் தகரப்பெட்டியின் மேல் வைத்து, கையைத் தரையில் ஊன்றி தண்டால். தரையில் எடுக்கிற தண்டாலைவிட இரண்டு மடங்கு வலிக்கிறது, தோளுக்கு நல்லது. பத்துக்கு மேல் போகவில்லை. துண்டை நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து, திரும்ப நனைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கினால் மணிக்கட்டு இறுகும். முப்பது தரம். அளவுச் சங்கிலியை மடித்து ஒரு கையில் பிடித்து, கையை நேராக நீட்டி ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் வரை தாழ்த்தக் கூடாது. இன்று 'எங்கள் அனுதின அப்பம்' வரும்போதே கை இறங்கிவிட்டது. படுக்கைச் சுருட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்குவது ஐந்து முறை. மூன்றிலேயே மூச்சு வாங்கியது. மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும், அவசரப்படக் கூடாது.

திரும்பி வந்தபோது அவன் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தான். என் வேர்வையைப் பார்த்தான்.

"என்னா மாப்ள, ஜுரமா?"

ஜனவரி 15, ஞாயிறு.

மாட்டுப் பொங்கல் என்று ஊரில் மாட்டுக்கெல்லாம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை பார்க்க அவன் பாகூர்க் கோயிலுக்குப் போய்விட்டான். கூடாரம் முழுக்க எனக்கு. தண்டால் பதினாலு.

ஜனவரி 22, ஞாயிறு. உப்பளம்.

வீட்டுக்கு வந்தேன். ஞானமேரி கோழி அடித்திருந்தாள். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணன் உங்க நல்லதுக்குத்தாங்க எழுதியிருக்கும். உள்ள ஒக்காந்து பாக்கற வேல ஏதாவது குடுப்பாங்கன்னு…"

"யாரு குடுப்பா? உங்கண்ணனா?" என்று கேட்டேன். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கோழி பாதி அப்படியே இருந்தது. இப்போது பசிக்கிறது. போய்க் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 3, வெள்ளி. முகாம்.

மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டில் தண்ணீர் நிரப்பி, கொடிக்கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, தோளில் வைத்து வரப்பில் நடந்தேன். நூறு மீட்டர் போய் நூறு மீட்டர் திரும்ப வேண்டும். சங்கிலி என் கையில் இருக்கும்போது தூரத்துக்கு என்ன பஞ்சம். திரும்பும்போது பார்த்தால் அல்போன்ஸ் சாய்வு நாற்காலியைக் கூடாரத்துக்கு வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் காப்பி.

"காவடி பழனிக்கா மாப்ள? ஞானஸ்நானம் வாங்கினவன் நீ!"

வண்டிக்காரன் சிரித்தான். கல் சுமக்கிற அம்மாவாசை மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு இருமல் வந்துவிட்டது, சிரிப்புக்கு நடுவில். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் காப்பியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு அவனை ஏரியில் தள்ளலாம்.

சரி. ஒன்றை இங்கே மட்டும் எழுதிவிடுகிறேன். டிசம்பரில் கரை வழுக்கவில்லை. நான் மயங்கித்தான் விழுந்தேன். ஆனால் அதை எழுத அவன் யார்?

பிப்ரவரி 10, வெள்ளி.

தண்டால் இருபத்தாறு. துண்டு எண்பது. பரலோக மந்திரம் முழுசாக ஒன்று, மேலே அருள்நிறை மந்திரம் பாதி. ஆனால் தண்ணீர்த் தகரம் சரிப்படவில்லை. தளும்புகிற கனம் வேறு, பெட்டியின் செத்த கனம் வேறு. என்ன செய்வது என்று வண்டியைச் சுற்றி வந்தேன். கண் முன்னால் கிடக்கிறது! நடுவதற்காக ஏற்றி வந்த எல்லைக்கற்கள். அரையடிச் சதுரம், ஒரு முழ நீளம், கருங்கல். எடையும் கிட்டத்தட்ட பெட்டியின் எடைதான்.

அம்மாவாசையிடம் ஒன்று கேட்டேன். ஐம்பது வயது இருக்கும் அவனுக்கு. வண்டியிலிருந்து வயலின் மூலை வரை ஒரு நாளைக்கு இருபது கல் சுமப்பான், முகத்தில் ஒன்றும் தெரியாது.

"எடுத்துக்குங்க ஐயா. காலைல எடுத்தத காலைலயே வண்டில வெச்சிடுங்க, எண்ணிக்க தப்பக் கூடாது. அப்பறம் ஒண்ணு. கல்ல படுக்க வெச்சி தூக்காதிங்க, இடுப்பு போயிடும். நட்டு வெச்சி, குந்தி, மாரோட சேத்து எழுந்திரிங்க."

குந்தி எழுந்து காட்டினான். கல் அவன் தோளுக்குத் தானாக ஏறியது போல் இருந்தது. எனக்கு ஆறு தரம் வந்தது.

பிப்ரவரி 21, செவ்வாய்.

கல் பதினெட்டு தரம். இருமல் இல்லை. நேற்றும் இல்லை.

மார்ச் 1, விபூதிப் புதன்.

தவசு காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு சங்கிலி இழுத்தேன். அவன் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். நானும் ஒருசந்திதான், ஆனால் காலையில் கல்லை விடவில்லை.

"உத்தரிக்கிற காலத்துல ஒடம்ப வளக்கறது ஆங்காரம் மாப்ள. அதுவும் பரலோக மந்திரத்த கடியாரமா வெச்சிக்கிட்டு! சாமியார்கிட்ட சொல்லட்டா?"

"சொல்லுங்க மச்சான். நீங்க எழுதினத நானும் சொல்றேன்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. உப்பு வேண்டும் என்றால் வண்டிக்காரனிடம் சொல்கிறான், வண்டிக்காரன் என்னிடம் கேட்கிறான், நான் வண்டிக்காரனிடம் கொடுக்கிறேன். மூவரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

மார்ச் 9, வியாழன்.

  நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாக மதகு வரை போனேன். ஒரு வாரமாக இந்த நடைதான், பாலம் வரை போகிற தூரத்துக்குப் பழக. திரும்பும்போது தோள் எரிந்தது. ஒரு வயலின் மூலையில் கல்லை இறக்கினேன். அம்மாவாசை சொன்னபடியே இறக்கினேன். படுக்கப் போடவில்லை, நட்டு நிறுத்தினேன். ஈர மண், கல் நான்கு விரல் உள்ளே இறங்கி நன்றாக நின்றது. துண்டால் முகம் துடைத்தேன்.

பதினாலு வருஷம் சர்வே வேலை பார்த்தவன் நான். விடிகிற நேரத்தில், ஆள் இல்லாத வயலில், வரப்புக்கு இரண்டு எட்டு உள்ளே ஒரு எல்லைக்கல்லை நிறுத்திவிட்டு முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மரமண்டை.

"அய்யய்யோ, கல்ல நவுத்தறான்! என் கல்ல நவுத்தறான்!"

அந்த நிலத்துக்காரி, செல்வாம்பாள். புருஷன் போன பிறகு அந்த முக்கால் காணியைத் தனியாக வைத்துப் பயிரிடுகிறாள். முன்பு ஒரு தரம் பங்காளி ஒருத்தன் கல்லை நகர்த்தி எட்டுக் குழி நிலத்தைத் தின்றுவிட்டானாம், அதை மீட்க ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவள் கையில் இருந்த அரிவாள்தான். நாலு பக்கமும் ஆள் ஓடி வந்தது. கோவிந்தராசு என்று அவள் கொழுந்தன், என் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்படியே கூடாரத்துக்கு இழுத்து வந்தார்கள். கல்லை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், சாட்சிக்கு.

அல்போன்ஸ் பாதி முகம் மழித்திருந்தான். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை.

"எவன்கிட்ட வாங்கிட்டு எங்கல்ல மாத்தறீங்க?" என்று அவள் கத்தினாள். "பங்காளி கிட்டயா? சொல்லு!"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மார்ச் 27 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கற்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தவன் அவன். கல் நகர்ந்தது என்றால் முதல் கேள்வி அவனுக்கு. நுரையைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"கல்ல நவுத்தலம்மா. தேகப்பயிற்சி பண்றான்."

 எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு.

"எல்லக்கல்ல வெச்சிக்கிட்டா?" என்றான் கோவிந்தராசு. துண்டு இன்னும் இறுகியது.

"நான்தாங்க குடுத்தேன்" என்று அம்மாவாசை முன்னால் வந்தான். "ஒரு மாசமா தூக்கறாருங்க. சத்தியமா."

செல்வாம்பாள் அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அப்ப தூக்கட்டும். எங்கண்ணு முன்னால தூக்கட்டும். ஒரு மாசம் தூக்கினவன்னா தெரிஞ்சிடும்."

கோவிந்தராசு துண்டை உருவிக்கொண்டான், கல்லை என் முன்னால் நட்டார்கள். குந்தினேன். மார்போடு சேர்த்து எழுந்தேன், தோளுக்கு ஏற்றினேன், இறக்கினேன்.

"லாபம்" என்றாள் அவள்.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் எண்ணுவது போலவே எண்ணினாள். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி, ரெண்டு, மூணு. ஒவ்வொரு எண்ணையும் இழுத்து, அடுத்தது வரும் வரை வாயில் வைத்திருந்து. இருபதில் சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். இருபத்தைந்தில் கோவிந்தராசு துண்டைத் திரும்ப என் கழுத்தில் போட்டான். முப்பதுக்கு மேல் நான் போனதே இல்லை. முப்பத்திரண்டில் மார்பில் பழைய இடத்தில் ஒரு குத்து. நிறுத்தலாமா என்று அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரக்கமே இல்லை. அடுத்த எண்ணைத்தான் எதிர்பார்த்தாள். நாற்பத்தொன்று. கல் கையை விட்டுப் போய்விட்டது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உன் மாருக்கு பயிற்சின்னா உங்கூட்டு அம்மிக்கல்ல தூக்கு. எங்க நெலத்துல கல்லு வெச்சி வெளயாடாத" என்றாள். அதோடு விட்டாளா? இல்லை. "கரி பாக்கணும்" என்றாள்.

நாங்கள் கல் நடும்போது குழியில் ஒரு கைப்பிடி அடுப்புக்கரி போட்டு, அதன்மேல்தான் கல்லை நிறுத்துவோம். கல்லை நகர்த்தினாலும் கரி அங்கேயே கிடக்கும், மக்காது. அவளுக்கு இது தெரிந்திருக்கிறது, ஆறு வருஷம் சும்மா நடக்கவில்லை. நாலு மூலையும் தோண்டச் சொன்னாள். தோண்டினோம். அல்போன்ஸும் குனிந்து மண்ணைக் கையால் அள்ளினான், அரை முகத் தாடியோடு. நாலு கல்லுக்கு அடியிலும் கரி இருந்தது.

மார்ச் 10, வெள்ளி.

ஊரே பார்த்த விஷயம், மறைக்க முடியாது. யாராவது மொட்டைக் கடுதாசி போடுவதற்கு முன்னால் நாமே எழுதிவிட வேண்டும் என்று அல்போன்ஸ் புரோசே வெர்பால் எழுதினான். நடந்ததை நடந்தபடி எழுதி, சாட்சிகள் கையெழுத்து வாங்கி ஆபீசுக்கு அனுப்புகிற காகிதம். பிரெஞ்சில் எழுதி, செல்வாம்பாளுக்காகத் தமிழில் படித்துக் காட்டினான்.

'மேற்படி பிரான்சுவா, மார் பலவீனம் காரணமாக, உடம்பைத் தேற்றிக்கொள்ளும் பொருட்டு…'

"அத எடுங்க மச்சான்" என்றேன்.

"எத?"

"மார் பலவீனம்."

"அது இல்லன்னா காலங்காத்தால கல்லோட வயல்ல என்னா வேலன்னு கேப்பான் துரை. என்னா எழுதட்டும், நீயே சொல்லு. இது இருந்தாத்தான் நீ திருடன் இல்ல."

நல்ல வேலை! நான் திருடன் இல்லை என்றால் நோயாளி. நோயாளி இல்லை என்றால் திருடன். இரண்டில் எதை எடுத்தாலும் வேலை போகிறது. அவன் வேண்டுமென்றே செய்தானா, வேறு வழியில்லாமல் செய்தானா, இன்னும் எனக்குத் தெரியாது. 

செல்வாம்பாள் மைப்பெட்டியிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

"எவனுக்கு மார் பலவீனம்? நாப்பத்தொண்ணு எண்ணிருக்கேன் நான். எங்கண்ணால பாக்காதத எழுதி வெச்சி என்னைய கைநாட்டு போடச் சொல்ற. இப்பிடி ஒரு காயிதத்துலதான் எட்டுக் குழி போச்சி எனக்கு. பாத்தத எழுது. இல்லன்னா நான் போடல."

எனக்காக இல்லை. என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காகிதம் காகிதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அல்போன்ஸ் அரைமணி நேரம் மன்றாடினான். பிறகு வேறு தாள் எடுத்தான். 'மேற்படி பிரான்சுவா, தன் வழக்கமான தேகப்பயிற்சியின் பொருட்டு, இருபத்தெட்டு கிலோ எடையுள்ள கல்லை எங்கள் முன்னிலையில் இடைவிடாமல் நாற்பத்தொரு முறை தோளுக்கு ஏற்றி இறக்கினான்.' கீழே அவள் கைநாட்டு, கோவிந்தராசு கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கீழே அல்போன்ஸ் கையெழுத்து. பேனாவைக் காகிதத்தில் குத்திக் கிழித்துவிடுவான் போல் போட்டான்.

நான் சிரிக்கவில்லை. இங்கே சிரித்துக்கொள்கிறேன்.

மார்ச் 18, சனி.

கல்லைத் தொடவில்லை. செல்வாம்பாள் வயல் வழியாகப் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறேன். தகரப்பெட்டியை நிரப்பித் தூக்குகிறேன். அவன் பெட்டியை. கேட்டால் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 27, திங்கள். உப்பளம்.

பரீட்சை நடக்கவில்லை.

காலை ஏழு மணிக்கே ஆபீசு வாசலில் நின்றேன். சலவை பனியன், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு. பெட்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். துரை வந்தார். மேசையில் இரண்டு காகிதம், டிசம்பரில் வந்தது ஒன்று, மார்ச்சில் வந்தது ஒன்று. அல்போன்ஸைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முசே அல்போன்ஸ், இதில் எது உங்கள் கையெழுத்து?"

"இரண்டும், முசே."

"அப்படியானால் எதை நம்ப?"

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. துரை சிரித்தார், கூட இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. எழுபத்தைந்து நாள் பொறுத்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்க வேண்டாம், நாற்பத்தொன்றே போதும் என்று சொல்லிவிட்டார் துரை. அதில் கொஞ்சம் எரிச்சலும்தான். பாலம் வரை நடக்க என் கால் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு பேச்சோடு பேச்சாகக் கேட்டார், முகாமில் கல் சுமக்கிறவன் ஒரு நாளைக்கு எத்தனை கல் சுமப்பான் என்று. இருபது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு அது கால் மணி நேர வேலை, முசே" என்றேன். நல்ல பிரெஞ்சில், தப்பில்லாமல். அல்போன்ஸ் கேட்கட்டும் என்று சொன்னேன். துரை ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 4, செவ்வாய். முகாம்.

உத்தரவு வந்துவிட்டது. அல்போன்ஸ் கூடாரத்துக்கு வெளியே நின்று எங்கள் எல்லோருக்கும் படித்தான். சங்கிலிக்காரன் பிரான்சுவா வெளிவேலையில் தொடர்வான். செலவைக் குறைக்கும் பொருட்டு, இனி கல் சுமக்கிற வேலையையும் அவனே பார்ப்பான். கல் சுமப்பவன் அம்மாவாசை நாளையிலிருந்து தேவையில்லை.

அம்மாவாசைக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னான்.

"நீயே சொன்னியே" என்று அல்போன்ஸ் என்னைப் பார்த்தான். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அம்மாவாசை தலைச்சும்மாட்டை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். "நான்தாங்க குந்தச் சொல்லிக் குடுத்தேன்" என்றான் வண்டிக்காரனிடம், ஏதோ வேடிக்கையான விஷயத்தைச் சொல்வது போல. 

மாலையில் அல்போன்ஸ் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பாயில் வைத்தான். "ஒரு வரி எழுதிக் குடு மாப்ள. 'ரெண்டு வேலையும் என்னால முடியாது, மார் தாங்காது'ன்னு. நானே எடுத்துக்கிட்டுப் போறேன் துரைகிட்ட. அம்மாவாச புள்ளகுட்டிக்காரன்."

என்னது? மூன்று மாசம் நான் எதை இல்லை என்று காட்டப் பாடுபட்டேனோ அதையே என் கையால் எழுத வேண்டுமாம், அவனுக்கு முன்னால். இது அவன் விரிக்கிற வலை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. தாள் இன்னும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதுகிற பேனாவும் அவன் வைத்த பேனாதான்.

எழுதவில்லை. எழுத மாட்டேன்.

ஏப்ரல் 5, புதன்.

இருபது கல். கால் மணியில் முடியவில்லை, அந்தி வரை ஆனது. நடுநடுவே சங்கிலியும் இழுக்க வேண்டும்.

ஏப்ரல் 16, பாஸ்குத் திருநாள். உப்பளம்.

ஈஸ்டர் பூசை முடிந்து வரும்போது துறைமுகப் பக்கம் படகுச் சுமைக்குக் காத்திருக்கிற ஆட்கள் வரிசையில் அம்மாவாசை. திருநாள் என்று ஒரு படகும் வரவில்லை, ஆனாலும் நிற்கிறான். இங்கே நெல்லு மூட்டை, அதைக் குந்தி எழுந்தால் ஆகாது, முதுகில் வாங்க வேண்டும். அவனுக்கு அது பழக்கமில்லை. ஞானமேரி "அவரு உங்க முகாம் ஆளு இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நின்று பேசவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தேன், அதனாலோ என்னவோ. இல்லை, பொய். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அல்போன்ஸ் சாப்பிட வந்திருந்தான். கறி நன்றாக இருந்தது என்றான் தங்கையிடம்.

ஏப்ரல் 19, புதன். முகாம்.

பெட்டியில் கால் வைக்கவில்லை, துண்டு முறுக்கவில்லை. பத்து நாளாகவே காலையில் ஒன்றும் செய்வதில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை. இன்று இருபத்துமூன்று கல். பத்தொன்பதாவது கல்லை வரப்பில் படுக்கப் போட்டுவிட்டேன், நட்டு நிறுத்தத் தெம்பில்லை. பழைய இடத்தில் குத்துகிறது. வண்டிக்குப் பின்னால் போய் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன், இருந்தும் சத்தம் வெளியே போய்விட்டது.

கூடாரத்திலிருந்து அல்போன்ஸ் எட்டிப் பார்த்தான்.

"மாப்ள, இருமினது நீயா?"

"மாடு" என்றேன்.